அத்தையின் நீர்மட்டம்

நம் உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான் என்று அறிவியல் டீச்சர் சொன்ன அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னதோடு அவர் விட்டிருந்தால் பரவாயில்லை. கரும்பலகையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணை வரைந்து, பாதத்தில் தொடங்கி நீலச் சாக்பீஸால் தீட்டிக்கொண்டே மேலே போனார். முழங்கால், இடுப்பு, வயிறு. நெஞ்சுக்கு வந்ததும் நிறுத்தி ஒரு கோடு போட்டார். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நிற்க, அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் நின்றபோது அதில் ஏறியவர்கள் எல்லாரும் எனக்கு அப்படித்தான் தெரிந்தார்கள். டிரைவர் பிரேக் போட்டால் உள்ளே தளும்பாதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில், வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் மதில் சுவரை ஒட்டி எங்கள் வீடு. அப்பா தண்ணி லாரி ஓட்டினார். வயற்காட்டுக் கிணறுகளில் நிரப்பி, கம்பெனிகளின் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்படி ஒரு கம்பெனியின் முன்வாசல் வழியாக உள்ளே போய் பேக்கிங் லைனில் நின்றாள். அவளோடு அதே லைனில் நின்ற திருநெல்வேலி அக்கா ஒருத்தி எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை இப்போதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அப்போது கேட்கவே வேண்டாம். கரண்ட் பில், மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கைக்கு வரும். நான் படித்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட அத்தை என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

அத்தையின் லைனில் ஒரு சிவப்பு அட்டை இருந்தது. சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஒன்றுக்குப் போக வேண்டியவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து மாட்ட வேண்டும். இருபது பெண்களுக்கும் அந்த ஒரே அட்டை. யார் எத்தனை முறை எடுத்தாள் என்பது நோட்டில் ஏறும். அடிக்கடி எடுத்ததால் திருநெல்வேலி அக்காவுக்குக் குழாய் என்று பெயர். அட்டையைத் தொடாத என் அத்தைக்கு ஒட்டகம் என்று பெயர். இந்தப் பெயரை அவள் வீட்டில் வந்து சொன்னபோது நாங்கள் எல்லாரும் பெருமையாகச் சிரித்தோம். மாதக் கடைசியில் ஒருத்தியை லைன் லீடர் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது. அத்தைக்கு அந்த நாற்காலி வேண்டும். நாற்காலி என்றால் நிஜமாகவே நாற்காலி. லீடர் மட்டும் உட்காரலாம்.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அவளிடம் நீலச் சாக்பீஸ் பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று,

"ஏய் டீச்சரம்மா, தண்ணியே குடிக்காம ஒரு ஆளு எம்மாம் நேரம் தாங்கும்? உன் புக்குல போட்டுக்கீதா?" என்றாள்.

போட்டிருந்தது. பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. உணவில்லாமல் சில வாரங்கள் இருக்கலாம், நீரில்லாமல் ஏறக்குறைய மூன்று நாள்கள், ஆனால் என்று போய், வாக்கியம் அடுத்த பக்கத்துக்குத் தாவியது. பக்கத்தைப் புரட்டினேன். சுரப்பிகள், சிறுநீரகங்கள் என்று நீளநீளமான சொற்கள். அத்தையின் முன்னால் எழுத்துக்கூட்டித் தடுமாற எனக்கு மனமில்லை. புத்தகத்தை மூடினேன்.

"மூணு நாளு" என்றேன்.

"மூணு நாளா! நமக்கு ஷிப்ட்டு எட்டு மணி நேரம் தானேடி!"

அத்தை என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த நாளிலிருந்து அவளுடைய பச்சை பாட்டில் வேலைக்குப் போகவில்லை. அம்மா வழக்கம்போல நிரப்பி வைப்பாள், அது அலமாரியிலேயே நிற்கும். சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் நடுங்கும். நான் பள்ளிக்குக் கிளம்பும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தையின் தண்ணீர் வீட்டில் இருக்கிறது, அத்தை மட்டும் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று தோன்றும்.

டீச்சர் இன்னொன்றும் சொல்லித் தந்திருந்தார். புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால், உள்ளே தண்ணீர் போதுமான அளவு இருப்பவர்களுக்கு உடனே படிந்துவிடும். கிள்ளுவதற்கு ஆள் தேடி அலைந்தேன். அம்மாவுக்கு ஒன்று என்று சொல்வதற்குள் படிந்தது. அத்தைக்கு முதல் வாரம் இரண்டு எண்ணினேன். அடுத்த வாரம் நான்கு. எனக்கு அது பயமாக இல்லை. அவளுக்குள் கோடு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் போட்டேன். நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து இடுப்புக்கு. சரியாகக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது.

பிறகு அவள் பாத்ரூமில் முனகுவது கேட்கத் தொடங்கியது. எரிகிறது என்றாள். அம்மா உடம்புச் சூடு என்று மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தாள். குடித்தால் போக வேண்டியிருக்கும், போனால் எரியும் என்று அத்தை வீட்டிலும் தண்ணீரைத் தள்ளிவைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வாசலில் நின்ற என்னைத் தாண்டி நேராக நடந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. மதில் சுவர் ஓரமாகவே போய் ஓரிடத்தில் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் வைத்தாள். அந்த வெயிலிலும் அவள் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை.

"உள்ள தண்ணி ஓடுது. கேக்குதா?"

சுவருக்கு அந்தப் பக்கம் முன்பு ஒரு குட்டை இருந்தது. நான் பிறப்பதற்கு முன் ஒரு பெண் அதில் விழுந்து இறந்துபோனதாகச் சொல்வார்கள். குட்டையை மண்ணடித்து மூடி அதன்மேல் கம்பெனி வந்துவிட்டது. நான் சுவரில் காதை வைத்தேன். எனக்கும் கேட்டது. அப்பாவின் லாரியைப் போல ஏதோ ஒரு லாரி கம்பெனியின் சம்புத் தொட்டியில் தண்ணீர் இறக்கிய சத்தமாக இருக்கும். இன்றுவரை அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு இழுத்துவந்து படுக்க வைத்தோம். உடம்பு கொதித்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைத் தாண்டி எதையோ பார்த்தது. திடீரென்று அம்மாவின் கழுத்தைத் தொட்டாள்.

"அண்ணி, உனுக்குக் கழுத்து வரைக்கும் வந்துட்ச்சு. வாய மூடிக்கோ. வெளிய ஊத்திக்கும்."

அம்மா அலறிக்கொண்டு பின்னால் போனாள். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"உனுக்கு இன்னும் இடுப்பு வரைக்கும்தான். நீ பயப்படாத."

நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவள் யாருடைய குரலிலோ எனக்கே திருப்பிச் சொன்னாள்.

அப்பா வந்தார். பார்த்தார். திரும்பிப் போய், திருநீறு மந்திரிக்கிற ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் அத்தையின் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது குட்டைக்காரி என்றார்.

"தண்ணில போனவ இவ. தண்ணி காட்டுனா உள்ளயே தங்கிடுவா. பொழுது சாயற வரைக்கும் ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. காஞ்சா தானா எறங்கிடுவா."

அம்மா என்னைத் தனியாக இழுத்தாள். அவள் கையில் பச்சை பாட்டில் இருந்தது.

"நீதான் படிச்ச புள்ள. சொல்லு. அவ ஒதடு வெடிச்சிகினு கீது. அதுவரைக்கும் தாங்குவாளா?"

நான் அத்தையின் புறங்கையைக் கிள்ளினேன். எண்ணினேன். பதினொன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. தோல் மடித்து வைத்த துணி மாதிரி அப்படியே நின்றது. இவ்வளவையும் அந்தக் குட்டைக்காரிதான் குடித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் புத்தகம் புத்தகம்தானே.

"மூணு நாள் தாங்கும்மா" என்றேன்.

அம்மா பாட்டிலை அலமாரியில் திருப்பி வைத்தாள்.

ஐந்து மணிக்கு மேல் ஓவர்டைம் முடித்து வந்த திருநெல்வேலி அக்கா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக வந்து அத்தையின் நெற்றியைத் தொட்டாள். வயிற்றின் பக்கவாட்டில் லேசாக அழுத்தினாள். அத்தை போட்ட கத்தல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"ஏ அக்கா, இவ ஒன்னுக்குப் போயி எம்புட்டு நேரமாச்சு?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"பேயாம்லா பேயி! இந்த மாசம் பூரா இவ அந்த அட்டையத் தொடல, அண்ணே. காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் ஒரு மொடக்குத் தண்ணி குடிக்கல. கேட்டா, 'எங்க புள்ள படிச்சுச் சொல்லிருக்கு'ன்னு சொல்லுதா. ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்துதீய, கூடப் பொறந்தவ தொண்டைக்கு ஒரு வாய் ஊத்த ஆளில்லையா?"

மந்திரிக்கிறவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீரு சும்மா இரும்!"

அப்பா சாவியை எடுத்தார். ஆட்டோவுக்குக் காத்திருக்க நேரமில்லை, தெருமுனையில் லாரி நின்றது. இறக்காத லோடு. அக்கா பச்சை பாட்டிலிலிருந்து துணியை நனைத்து அத்தையின் உதட்டில் வைத்தபடி ஏறினாள். அம்மாவின் மடியில் நான்.

வேகத்தடை வரும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அத்தனை தண்ணீரும் முன்னால் வந்து இரும்பில் மோதி, பெருமூச்சு விட்டுப் பின்னால் போகும். ஒவ்வொரு முறையும் அத்தை கண்ணை மூடியபடி சிரித்தாள். "வருது, வருது" என்றாள். லாரி முழுக்க எங்களுக்குத் தெரியாத யாரோ எழுந்து உட்கார்வது போல எனக்கு இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். சொட்டுகளை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தபோதும் சொட்டிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறிவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் எங்கள் கையில் இல்லை என்று சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அத்தையின் கண் எங்களிடம் திரும்பி வந்தது. டாக்டரம்மா நிதானமாகத்தான் கேட்டார்.

"நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம இருக்கலாம்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். திருநெல்வேலி அக்காவும் பார்த்தாள். அறையில் சொட்டு விழும் பாட்டிலைத் தவிர வேறு எதுவும் அசையவில்லை.

"யாரும் சொல்லல மேடம். நானாதான்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு மூச்சு வந்தது. காய்ச்சலில் அத்தைக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் மூன்றில் இரண்டு பங்கு கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாற்காலி வேறு யாருக்கோ போனது. அத்தைக்கு அந்த வருடம் முழுக்க மாத்திரை. இன்றைக்கும் அவளால் அதிக நேரம் நிற்க முடியாது.

வீட்டுக்கு வந்த முதல் சாயங்காலம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். மடியில் பச்சை பாட்டில், பாதி காலி.

"டீச்சரம்மா, உன் புக்க எடுத்துகினு வா. அன்னிக்குப் பாதியில மூடுனியே, அந்தப் பக்கத்தப் படி."

எடுத்து வந்தேன். ஆனால் என்று நின்ற இடத்திலிருந்து தொடங்கினேன். ஆனால் வெயிலில் உழைப்பவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது, சில மணி நேரத்திலேயே என்று போயிற்று. ஆஸ்பத்திரியில் அந்தச் சொற்களை நாள் முழுக்கக் கேட்டிருந்ததால் எல்லாம் நாக்குக்குப் பழகியிருந்தது. வியர்வைச் சுரப்பிகள். சிறுநீரகங்கள். ஓரிடத்திலும் திக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில், அத்தை கேட்காத அடுத்த பத்தியையும் சேர்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டு போனேன். படித்து முடிக்கும்வரை அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.