நடுத்துண்டு

வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளை ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போங்கள் என்று எங்கள் ராயபுரம் மாதா கோயிலில் சொன்னார்கள். எங்களுக்குக் கிடைத்தவன் கென்யாக்காரன். அன்றோடு கொடுவா மீனின் நடுத்துண்டு அவனுக்குப் போனது, எனக்கு வால். அம்மா அவனுக்கு முள்ளும் எடுத்துக் கொடுத்தாள். முப்பது வயதில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்:

“எனுக்கு என்னிக்கினா முள்ளு எட்த்துக் குட்த்துக்கீறியா?”

“அந்தப் புள்ள பெத்தவள வுட்டுட்டு வந்துகீது. நீ இன்னாடா பேஜாரு பண்ற?”

ஒரு ஞாயிறு அவன் தன் அம்மாவை வீடியோ காலில் அழைத்து, போனைச் சொம்பில் சாய்த்து வைத்தான். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்து நன்றி சொன்னார். கண் மட்டும், அவன் தட்டில் முள்ளெடுத்துக்கொண்டிருந்த என் அம்மாவின் விரல்களை விட்டு நகரவில்லை.

என் வயிற்றெரிச்சல் புரிந்த ஒரே ஆள் அவர்தான்.