அபிஷேகப்பாக்கத்து வானில் ஓர் எலுமிச்சம்பழம்

என் பழைய கிளைடர் குட்டிக்கரணம் போட்டபோது றெக்கை மடங்கி விழுந்தது. வேகமாக இறங்குவதைச் சட்டென்று மேலே இழுத்தால், பாரம் முழுக்க றெக்கை உடம்போடு சேரும் அடியில்தான் ஏறும். அதைத் தாங்க உள்ளே கார்பன் குழாய் வைத்து, எட்டு மாதம் ஹாலை அடைத்துக்கொண்டு, ரிமோட்டில் ஓட்டும் புதுக் கிளைடர் ஒன்றைக் கட்டினேன். மோட்டார் கிடையாது, காற்றுதான் எல்லாம்.

"இதுவும் உடைஞ்சா அத்தோட வுட்டுடணும். ஹால் எனக்கு வேணும்" என்றார் என் வீட்டுக்காரர் அந்தோணி. நானும் வீராப்பாகச் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் முதல் பூசை முடிந்த கையோடு ஏழு மணிக்கு வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். கரிக்கலாம்பாக்கம் வழியாக அபிஷேகப்பாக்கம் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். அரை மணி நேரப் பயணம்தான், ஆனால் பின்னால் ஆள் உயர றெக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர், "இன்னா நயினா, கதவா எத்துனு போற?" என்று கேட்டுவிட்டுப் போனார். கரிக்கலாம்பாக்கத்தில் இட்லி சாப்பிடுங்கள். றெக்கையை ஓட்டலுக்குள் கொண்டு போகாதீர்கள், சண்டை வரும்.

வயல் ராமலிங்கம் அண்ணனுடையது. நெல் அறுத்த தரை, பக்கத்தில் கரும்பு. அவர் கற்பூரத்தட்டோடு காத்திருந்தார்.

"புது வண்டிம்மா. பூஜ போடாம மேல வுடக்கூடாது" என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினார். டயர் இல்லாத வண்டிக்கு எதன் அடியில் பழம் வைப்பது?

"அப்ப மூக்குல கட்டு."

நாங்களும் புது ஸ்கூட்டருக்குத் தீர்த்தம் தெளிக்க ஃபாதரைத் தேடிப் போனவர்கள்தான். வயல்காரரிடம் என்னத்தைப் பேசுவது? மூக்கில் பழத்தைக் கட்டினால் முன்பாரம் கூடிவிடும். அதனால் மூக்கினுள் எடைக்காக வைத்திருந்த ஈயக் குண்டுகளைப் பழத்தின் எடைக்குச் சரியாக எடுத்துவிட்டேன். விரலில் நிறுத்திப் பார்த்தேன், தராசு போல நின்றது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ரப்பர் கயிற்றில் இழுத்துவிட்டதும் ஜம்மென்று ஏறியது. முதல் குட்டிக்கரணம் அழகு. இரண்டாவதில் வேகம் கூட்டி இழுத்தேன். அந்த இழுப்பில் றெக்கைக்கு மட்டுமா பாரம் கூடும்? பழத்துக்கும் கூடும். நூல் அறுந்தது. பழம் தனியாகப் போனது.

முன்பாரம் போனால் வால் கனக்கும். கிளைடர் மூக்கைக் குத்திச் சுழன்றால், எதிர்ப்பக்கம் சுக்கானைத் திருப்பி இழுப்பைத் தளர்த்தினால் மீட்டுவிடலாம். வால் கனத்தால் அது படுத்தவாக்கில் தட்டாமாலை சுற்றும், எதற்கும் மசியாது. நான் ரிமோட்டின் எல்லாக் குச்சியையும் ஆட்டினேன். கிளைடர் நிதானமாகச் சுற்றிச் சுற்றிக் கரும்புக்குள் இறங்கியது.

"பயம் வாணாம்மா. கண்ணெல்லாம் பழத்தோட பூட்ச்சி" என்றார் ராமலிங்கம் அண்ணன், பரம திருப்தியோடு.

கரும்புக்குள் முதலில் ஓடியவர் அந்தோணிதான். கால் மணி நேரம் கழித்து, கையெல்லாம் கரும்புச் சோகை கீறிய கோடுகளோடு, கிளைடரைப் பச்சைக்குழந்தை போல ஏந்தி வந்தார். "ஒரு கீறல் இல்லடி!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீங்களும் போவதாக இருந்தால்: பறக்கவிட அனுமதி உள்ள இடமா என்று விசாரியுங்கள். காற்று ஏறுமுன் போங்கள். சுழற்சி பழகுவதானால் உயரத்தில் பழகுங்கள், கீழே ஆள் இருக்கக் கூடாது. பூஜைப் பழத்தைத் தரையில் வையுங்கள். விழுந்த கிளைடரை வெளித்தோற்றம் பார்த்து நம்பாதீர்கள், றெக்கையின் இரு நுனிகளையும் பிடித்து மெல்ல வளைத்து, காது கொடுத்துக் கேளுங்கள்.

நானும் வரப்பில் வைத்து வளைத்தேன். உள்ளே 'கடக்' என்றது. கார்பன் குழாய்.

அந்தோணியைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது.

"ஸ்கூட்டர் ஸ்டாண்டு சத்தம்டி அது" என்றார்.

ஸ்கூட்டர் கால் கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரம் நின்றிருந்தது.