பியெத்ராவெந்தாவின் ஏற்றமும் இறக்கமும்

யாழ்ப்பாண நில அளவைத் திணைக்களத்தில் பதினொரு வருடம் படவரைஞராக இருந்த இராஜேஸ்வரி, தொண்ணூற்றைந்தில் ரொறன்ரோ சென் கிளேர் வீதியில் ஓர் இத்தாலியச் சங்க மண்டபத்தின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நில அளவை அலுவலகங்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டு அவரைத் திருப்பி அனுப்பியிருந்தன: கனேடிய அனுபவம் உண்டா?

சங்கம் பியெத்ராவெந்தா என்ற சிறிய ஊரின் ஆட்களுடையது. இத்தாலியின் தெற்கே, கலாபிரியாவில், கடற்கொள்ளையருக்குப் பயந்து கரையை விட்டு ஏறிய மீனவர்கள் ஒரு மலைமுதுகில் கட்டிய ஊர். உச்சியில் மேல்தெரு, நடுவில் தேவாலயச் சதுக்கம், அடியில் ஆற்றடி. காணி உள்ளவர்கள் மேலே இருந்தார்கள். கரி சுடுகிறவர்களும் துணி வெளுக்கிறவர்களும் கீழே. ஐம்பத்தொன்றில் நாலு நாள் விடாமல் பெய்த மழை ஆற்றடியை முழுதாகக் கொண்டுபோனது. அடுத்த பத்து வருடத்தில் ஊரில் பாதி கப்பலேறிக் கனடா வந்துவிட்டது.

சங்கத்தின் முப்பதாம் ஆண்டுக்கு, மழைக்கு முந்திய ஊரின் பெரிய வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்ட விரும்பினார்கள். கிழவர்கள் மூன்று தரம் கீறிப் பார்த்து, மூன்று தரமும் சண்டை பிடித்தார்கள். மேசையில் கிடந்த மூன்றாவது தாளை இராஜேஸ்வரி துடைப்பதற்காகத் தூக்கினார்.

"இந்த ஆறு மேல்நோக்கி ஓடுது," என்றார்.

சங்கத் தலைவர் கார்மெலோ, மேல்தெருக்காரர், ஓய்வுபெற்ற கொத்தனார், திரும்பிப் பார்த்தார். "உமக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரில் ஆறே இல்லை. படம் தெரியும்."

மற்றக் கிழவர்கள் சிரித்தார்கள். கார்மெலோவின் மருமகன் பீற்றருக்கு வூட்பிரிட்ஜில் நில அளவை அலுவலகம் இருந்தது. வரைபடத்தை அவன் பார்ப்பதானால் நான் கீறுகிறேன் என்றார் இராஜேஸ்வரி. கார்மெலோ தோளைக் குலுக்கி ஒப்புக்கொண்டார்.

இராஜேஸ்வரி ஊர்க்காரர் முப்பத்தெட்டுப் பேரிடம் கேட்டார். மீற்றர் கணக்கு யாருக்கும் தெரியவில்லை. நடந்த நேரத்தைச் சொன்னார்கள். தேவாலயத்திலிருந்து ஊற்றுக்கு ஐந்து நிமிடம், ஆலையிலிருந்து சதுக்கத்துக்குப் பத்து. நேரத்தைத் தூரமாக்கித் தாளில் இட்டார். கோடுகள் பொருந்தவில்லை. ஒரே தெருவுக்கு இரண்டு நீளம் வந்தது. மாசி முழுவதும் ஸ்காபரோ அப்பாட்மென்டின் சாப்பாட்டு மேசை அந்தத் தாளுக்கே போய்விட்டது.

"உவையின்ர ஊர் என்ன, ரப்பரே?" என்றார் கணவர் அன்புராசா, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டபடி. "ஒருக்கா நீளுது, ஒருக்கா சுருங்குது."

"பகிடி விடாதேங்கோ. ஆரோ பொய் சொல்லுகினம்."

"முப்பத்தெட்டுப் பேரும் சேர்ந்தே? அப்ப பிழை உம்மட்டத்தான்."

இராஜேஸ்வரிக்குக் கோபம் வந்தாலும், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்த நாள் ஆற்றடியில் பிறந்த கொன்செத்தாவிடம் மறுபடி கேட்டார்: தேவாலயத்துக்கும் ஊற்றுக்கும் இடையில் எத்தனை நிமிடம்? எழுபத்துமூன்று வயதான கொன்செத்தா வியப்போடு பார்த்தார்.

"எப்போது? வெறும் குடத்தோடு போகும்போதா, நிறைகுடத்தோடு வரும்போதா?"

யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து கோயிலுக்கு ஐந்து நிமிடமென்றால் கோயிலிலிருந்து வீட்டுக்கும் ஐந்து நிமிடம்தான். தட்டை நிலத்தில் வளர்ந்தவருக்கு, போவதும் வருவதும் வேறு என்று கேட்கத் தோன்றவில்லை. ஆண்கள் வேலைக்கு இறங்கிய நேரத்தைச் சொன்னார்கள். பெண்கள் கீழே ஊற்றிலிருந்து தண்ணீரோடு ஏறிய நேரத்தைச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் மலையின் உயரம்.

அதை மீற்றராக்க ஓர் அளவுகோல் வேண்டும். ரொறன்ரோவில் டவன்போட் வீதிக்கு மேலே செங்குத்தான மேடு இருக்கிறது. நூற்றுச் சொச்சம் படிகள். சித்திரை மாதத்து ஒரு சனிக்கிழமை, சங்கத்துப் பெண்கள் ஆறு பேர் அதில் வாளித் தண்ணீரோடு ஏறி, வெறும் வாளியோடு இறங்கினார்கள். அன்புராசா மணிக்கூட்டைப் பிடித்தபடி நின்றார். இராஜேஸ்வரி ஒவ்வொரு படியின் உயரத்தையும் நாடாவால் அளந்தார். எத்தனை மீற்றர் ஏற்றத்துக்கு எவ்வளவு நேரம் கூடுகிறது என்பது அப்படிக் கிடைத்தது. எந்தத் தண்ணீர்க்குழாய் உடைந்தது என்று வழியில் போன ஒருவர் விசாரித்தார்.

ஞாபகம் ஏமாற்றும் என்பதில் ஐயமில்லை. ஒரு வாசலின் நிறத்தை மனம் நாற்பது வருடத்தில் மாற்றிவிடும். ஆனால் தினமும் சுமந்த பாரத்தைக் கால்கள் அவ்வளவு எளிதில் மாற்றிச் சொல்வதில்லை. இராஜேஸ்வரி நம்பியது அதை மட்டுமே.

ஆனி மாதத்தில் படம் சுவரேறியது. அதில் ஆற்றடிக்கு அறுபத்துமூன்று வீடுகள் இருந்தன. அங்கே இருந்தது இருபதுதான் என்று மேல்தெருக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

பீற்றர் வெறுங்கையோடு வரவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய இத்தாலிய அரச நில அளவைப் படத்தின் பிரதி ஒன்றை இத்தாலியிலிருந்து தருவித்து, இராஜேஸ்வரியின் அளவிலேயே கண்ணாடித் தாளில் எடுத்து வந்திருந்தான். அதைப் படத்தின் மேல் வைத்து நாலு மூலையிலும் ஒட்டினான். இராஜேஸ்வரி வாளிக்குப் பக்கத்தில் நின்றார்.

தெருக்கள் தெருக்கள் மேல் விழுந்தன. ஆறு ஆற்றின் மேல் விழுந்தது. ஊற்றிலிருந்து தேவாலயத்துக்கு அரச படத்தில் ஐம்பத்தெட்டு மீற்றர் உயரம், இராஜேஸ்வரியின் படத்தில் அறுபத்தொன்று. பீற்றர் அரச படத்தில் ஆற்றடி வீடுகளை விரலால் எண்ணினான்.

"அறுபத்தொன்று. இவர் இரண்டு வீடு கூட்டிப் போட்டிருக்கிறார்."

"கூட்டவில்லை," என்றார் கொன்செத்தா. "அந்த இரண்டும் போருக்குப் பிறகு கட்டினது. ஒன்று என்னுடையது." எழுந்துபோய்க் கண்ணாடித் தாளைத் தூக்கி, தன் வாசலில் விரலை வைத்தார்.

கார்மெலோ படத்துக்குக் கிட்டப் போய் ஆற்றடியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். "நாங்கள் கீழே பார்த்ததே இல்லை," என்றார். கைதட்டல் ஆற்றடிக்காரரிடம் தொடங்கி மேல்தெருவுக்குப் பரவியது.

பீற்றர் இராஜேஸ்வரியிடம் வந்தான். கனேடிய அனுபவம் பற்றிக் கேட்கவில்லை. "திங்கட்கிழமை வேலைக்கு வர முடியுமா?"

"திங்கள் இந்த மண்டபம் கழுவிற நாள்," என்றார் இராஜேஸ்வரி. "செவ்வாய் வாறன்."