இ-பாஸ் எடுத்துத் தரப்படும்

ஜெராக்ஸ் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. எங்கோ ஓர் அலுவலகம் எதையோ கேட்டிருக்கும், அந்தக் கவலையைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் என் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், நான். அவ்வளவுதான்.

கொரோனா வந்தபோது, ஊரை விட்டு ஊர் போக இ-பாஸ் வேண்டும் என்றது அரசாங்கம். அந்தப் பாஸை எடுத்துத் தருகிற கடை மட்டும் அத்தியாவசியப் பட்டியலில் இல்லை. அதனால் ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கி வைத்துக்கொண்டு, போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் இறக்கிவிட்டு, பயந்து பயந்துதான் ஓட்டினேன். நீங்களும் அப்போது ஏதாவது ஒரு கடை வாசலில் அப்படிக் குனிந்து நின்றிருப்பீர்கள். நின்றவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும்.

அப்பா இறந்ததற்கு ஆதாரம்

செந்தில் பின் தெரு அபார்ட்மெண்டில் இருப்பவர். ஐ.டி. வேலை, சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வந்தார். "அக்கா, அப்பா போயிட்டாங்க. சாயங்காலம் எடுத்துருவாங்க. இப்பவே கிளம்பினா போய்ச் சேந்துருவேன்." கார் எதிரே நின்றது, உள்ளே அவர் மனைவி மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். காரணம் என்கிற இடத்தில் 'இறப்பு' என்று போட்டேன். இறப்புச் சான்றிதழ் கேட்டது. விடியற்காலையில் இறந்தவருக்குக் காலை ஏழு மணிக்குச் சான்றிதழ் யார் தருவார்கள்? ஊரில் கிராம நிர்வாக அலுவலரைப் பிடித்து ஒரு கடிதம் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஏற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து, 'ஆவணம் தெளிவாக இல்லை. நிராகரிக்கப்பட்டது.' வெளிச்சம் கூட்டி மறுபடி ஏற்றினேன். 'ஆவணம் போதாது. நிராகரிக்கப்பட்டது.' பாஸ் இல்லாமலே போய்விடலாமா என்று கேட்டார். அதற்கு முந்தின நாள்தான் ஒரு குடும்பத்தைச் செங்கல்பட்டில் மடக்கித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றைக்கும் தோன்றும்.

மூன்றாவது முறை போட்டுவிட்டுக் காத்திருந்தோம். நாலு மணிக்கு ஊரிலிருந்து வீடியோ கால் வந்தது. கடை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், தம்பி கொள்ளியைக் கையில் வாங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். நானும் எழுந்தேன். ஐந்தே முக்காலுக்குப் பாஸ் வந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இதக் காட்டி நான் இனிமே யாரப் பாக்கப் போகணும்?"

ஒரே பேரில் இரண்டு தெரு

கன்னியப்பன் அண்ணன் முத்தாபுதுப்பேட்டையில் நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது எங்கள் பக்கம் குடிவந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவிக்குச் சிறுநீரகம் பழுது, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். ஒரு நாள், கொரோனா என்று அவர் தெரு முனையைத் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். கொரோனா நோயாளி இருந்தது பிள்ளையார் கோயில் குறுக்குத் தெருவில். தகரம் அடித்தது பிள்ளையார் கோயில் தெருவில். நோயாளி இருந்த தெருவில் கீரை வண்டி போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றுமில்லாத தெருவுக்குள் எல்லாரும் அடைபட்டுக் கிடந்தார்கள். பின்பக்கச் சுவரேறிக் குதித்து என்னிடம் வந்தார். மனு டைப் செய்து மெயிலில் அனுப்பினேன். 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு எண் வந்தது. மறுநாள் சுவரேறி வந்து, "இன்னாம்மா, எதுனா வந்துச்சா?" என்றார். அதே எண்ணைக் காட்டினேன். அதற்கும் மறுநாள் வரும்போதே குரல் மாறியிருந்தது. "அவளுக்கு மூஞ்செல்லாம் வீங்கிப் போச்சும்மா. மூச்சு வாங்கிகினு கீறா."

அன்றைக்கு ஸ்பேனர் எடுத்து இரண்டு தகரத்தைக் கழற்றி, ஆட்டோவில் மனைவியைக் கூட்டிப்போய் டயாலிசிஸ் முடித்து, திரும்பி வந்து அதே தகரத்தை அதே இடத்தில் மாட்டியும் வைத்தார். யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். புகார் எண்ணுக்கு வராத அதிகாரி, தகரம் கழன்றதற்கு உடனே வந்தார். வழக்குப் போடுவேன் என்று கத்தினார். ஜன்னல்களில் முகங்கள். கன்னியப்பன் அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "தகரத்த நான்தான் பிரிச்சேன் சார். தெரு மாத்தி அட்ச்சது யாருன்னு நீ சொல்லு, ரெண்டு பேரும் ஒண்ணாவே ஸ்டேஷனுக்குப் போலாம்." மாலைக்குள் தகரம் குறுக்குத் தெருவுக்குப் போய்விட்டது. வழக்கு வரவில்லை.

சலூன்காரர் நோட்டீஸ்

எதிர்வரிசை சலூன் பாபுவுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுப்பதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது. கடை மூடப்பட்டுள்ளது. பிறகு, மாலை ஆறு வரை திறந்திருக்கும். பிறகு, மதியம் வரை மட்டும். பிறகு, ஏ.சி. போடக்கூடாது, முடி வெட்ட வருகிறவர்கள் ஆதார் எண்ணைப் பதிய வேண்டும். நடுவில் ஒரு தடவை முழு ஊரடங்கு என்று அறிவித்து, சாமான் வாங்க அவகாசமும் கொடுத்தார்கள். அந்த அவகாசத்தில் மார்க்கெட்டில் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்றதைப் பார்த்துவிட்டு வந்தவர் பாபு. இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்து, இளைத்துப் போய் எழுந்து வந்து அடுத்த நோட்டீஸ் கேட்டார். பழையதைக் கிழித்துவிட்டு ஒட்டுங்கள் என்றேன். "எதுக்குக்கா கிழிக்கணும்? மேலயே ஒட்றேன். நாளைக்கு மறுபடியும் பழசையே சொல்வாங்க, பிச்சு எடுத்தா போதும்."

கைக்குத் தெரியாத ஊசி

மேரி அம்பத்தூரில் நாலு வீட்டில் சமையல் வேலை செய்கிற பெண். தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று குடியிருப்புச் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். ஊசிக்குப் பதிவு செய்ய நானும் அவளும் தினமும் உட்காருவோம். இடம் இருக்கிறது என்று காட்டும். அவள் போனுக்கு வந்த எண்ணை நான் போடுவதற்குள் தீர்ந்துவிடும். ஒருவழியாக ஒரு நாள் கிடைத்தது. பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போய் வெயிலில் நின்றாள். மருந்து வரவில்லை, போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வருவதற்குள் போனில் செய்தி: தடுப்பூசி வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது.

சான்றிதழ் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கலாம். நானே அப்படித்தான் சொன்னேன். "நான் சமைக்கிற ஒரு வீட்ல பெரியவர் ஒருத்தர் கேன்சருக்கு மருந்து சாப்பிடுறாருக்கா. என்னால அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள். மறுபடி முகாமுக்குப் போனால், உனக்குத்தான் போட்டாச்சே என்கிறார்கள். இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு, அங்கிருந்து வேறொரு அலுவலகத்துக்கு. நாலாம் நாள், மிச்சமிருந்த மருந்தில் ஒரு நர்ஸ் கேள்வி கேட்காமல் போட்டுவிட்டார். தோளைப் பிடித்துக்கொண்டே கடைக்கு வந்து மேரி சொன்னாள்: "கவர்மெண்ட்டு போட்டுட்டேன்னு சொன்னப்ப வலிக்கவே இல்லக்கா, இப்பத்தான் வலிக்குது."

என்னுடைய முறை

இரண்டாவது அலையில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்கிறவர், ஒரு நாள்கூடப் படுத்துப் பார்த்ததில்லை. பரிசோதனைக்கு மூக்கில் எடுத்து அனுப்பினார்கள். முடிவு நாளை என்றார்கள். நாளை வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது, முடிவு வரவில்லை. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கருவி தொண்ணூற்று மூன்று காட்டியது, பிறகு தொண்ணூறு. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், பாசிடிவ் என்று காகிதம் இருந்தால்தான் படுக்கை என்றார்கள். ஊருக்கெல்லாம் காகிதம் எடுத்துக் கொடுத்தவள், என் வீட்டுக் காகிதத்துக்காக அந்தத் தளத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தண்ணீர் வேண்டுமானால் கையைக் காட்டினார்.

எண்பத்தெட்டு காட்டியபோது உதவி எண்ணுக்குப் பத்தாவது தடவையாகப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். நான் கத்தினேன். என் வாயில் அப்படியெல்லாம் வார்த்தை வரும் என்று எனக்கே தெரியாது. கடைசியில் நெஞ்சை ஸ்கேன் எடுத்து, அதைக் காட்டிச் சண்டை போட்டு, பூந்தமல்லி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மதியம் இடம் வாங்கினேன். பதினோரு நாள் கழித்து, பாதி ஆளாக நடந்து வெளியே வந்தார். பரிசோதனை முடிவு இன்றுவரை வரவில்லை. அதை மறந்துவிட்டேன். உதவி எண்ணில் பேசிய பெண்ணை மறக்க முடியவில்லை. நான் கத்தி முடிக்கிற வரை குறுக்கே பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "திட்டுங்க மேடம், பரவால்ல. எங்கப்பாவுக்கு பெட் கேட்டு நானும் காலையிலேர்ந்து இதே நம்பருக்குத்தான் போட்டுட்டிருக்கேன்."

அந்த இரண்டு வருடத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களைக் கொரோனாவுக்கு அடுத்தபடியாக மூச்சுத் திணற வைத்தது, 'சற்றுக் காத்திருக்கவும்' என்று சொல்லிவிட்டுத் திரையில் சுற்றிக்கொண்டே இருந்த அந்தச் சின்ன வட்டம்தான்.