சாவி சிங்கப்பூரில், மோட்டார் ராயப்பன்பட்டியில்

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பும் முன், என் ப்ரீபெய்டு சிம்முக்கு வெளிநாட்டு பேக் போட்டேன். "எறங்குனதும் தானா வேலை செய்யும்ணே" என்றார் கம்பத்து ரீசார்ஜ் கடைக்காரர்.

ராயப்பன்பட்டியில் என் திராட்சைத் தோட்டத்து மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன். என் நம்பரிலிருந்து கூப்பிட்டால்தான் அது ஓடும், நிற்கும். மதுரை விமான நிலையத்தில் நின்றபடியே மோட்டாரைப் போட்டுவிட்டேன். இறங்கியதும் அணைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

இறங்கினால் சிக்னலே இல்லை. சிம்மைக் கழற்றி மாட்டியும் பயனில்லை. மகள் போனிலிருந்து சிம் கம்பெனியைக் கூப்பிட்டால், "உங்கள் சொந்த எண்ணிலிருந்து அழைக்கவும்" என்று பதிவுக்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த எண் வேலை செய்யவில்லை என்றுதானே கூப்பிடுகிறேன்? பழுக்கிற நேரத்தில் தண்ணீர் மிஞ்சினால் பழமெல்லாம் வெடித்துவிடும்.

மகள் போனிலேயே பக்கத்துத் தோட்டத்து அந்தோணியைப் பிடித்தேன்.

"தண்ணி வரப்பத் தாண்டி ஓடுதுண்ணே. மோட்டார் ரூமு பூட்டிக் கெடக்கு. சாவிய எங்கன வச்சீக?"

சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

"பூட்ட ஒடச்சிரு, அந்தோணி" என்றேன்.

உடைத்து அணைத்தார். ஓரத்து வரிசையோடு சேதம் நின்றது.

ஊர் திரும்பி மதுரையில் இறங்கியதும் போனுக்கு உயிர் வந்தது. முதலில் வந்த மெசேஜ்: "உங்கள் வெளிநாட்டு பேக் தொடங்கிவிட்டது."

இப்போது ஸ்டார்ட்டரில் அந்தோணியின் நம்பரையும் சேர்த்துவிட்டேன். புதுப் பூட்டின் மாற்றுச் சாவி அவர் வீட்டில் தொங்குகிறது. வெளிநாடு போனால் என் போனில் படம் மட்டும் எடுக்கிறேன்.