கோடிமேல் அடுக்கிய மூட்டைகள்

எங்கள் ஊர் ஏரிக்குக் கோடி என்று ஒரு கல்சுவர் உண்டு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன்மேல் வழிந்து ஓடையில் போகும். எங்களுக்கு அது பொறுக்காது. வருஷாவருஷம் ஆவணியில் மண்மூட்டைகளைச் சுமந்துபோய் அந்தச் சுவர்மேல் மூன்று வரிசை அடுக்கிவிடுவோம். மூன்று வரிசை உயர்ந்தால் கோடைவரை கிணற்றில் தண்ணீர் நிற்கும். கரை தாங்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அந்த வருஷம் அதிக மூட்டை சுமந்தவன் நான்தான்.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள். வடக்கத்திப் பையன்கள், திருவண்ணாமலைக்காரர்கள், கன்னடக் குடும்பங்கள் எல்லாம் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்கும் என்று என் தங்கையும் அவள் புருஷனும் அங்கேதான் குடியிருந்தார்கள்.

மூன்றாம் நாளாக மழை விடவில்லை. காலை ஏழு மணிக்குத் தங்கை போன் செய்தாள். “நைட் ஷிப்டு முடிஞ்சு எறங்கிட்டேண்ணா. அவரு வேலைக்குப் போய்ட்டாரு. தூங்கப் போறேன்.” ஒன்பது மணிக்கு ஏரியைப் பார்க்கப் போனேன். கரையின் நடுவில் ஒரு மாடு படுக்கும் அகலத்துக்கு மண் சரிந்திருந்தது. அடியில் சேறாகத் தண்ணீர் கசிந்தது. கரைமேல் நடந்து அந்தப் பக்கம் போக முடியாது. தரைப்பாலமும் மூழ்கிவிட்டது. தங்கைக்குப் பத்துமுறை போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை.

மூட்டைகளைப் பிடுங்கினால் கரை தப்பும். ஆனால் அவ்வளவு தண்ணீரும் ஓடையோரம் இருந்த என் அண்ணன் தக்காளித் தோட்டத்தில் பாயும். பறிப்புக்கு நின்ற தக்காளி. அண்ணன் மண்வெட்டியோடு கோடிமேல் நின்றான்.

“கரை ஒடையப்போவுதுண்ணா. லைன் வீட்ல ஆளுங்க இருக்காங்க.”

“வாடகைக்கு வந்தவன் ஓடிப் பொழச்சுக்குவான். என் தக்காளி ஓடுமாடா?”

நான் முதல் மூட்டையை இழுத்தேன். மண்வெட்டிக் காம்பு என் தோளில் இறங்கியது. இரண்டாவது அடி வாயில். பல் உடைந்து நாக்கில் கிடந்தது. துப்பிவிட்டு அவன் இடுப்பில் முட்டினேன். இருவரும் சேற்றில் விழுந்தோம். அவன் என் கழுத்தை நெரித்தான். நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன், சதை பிய்ந்து வாயில் வருமளவுக்கு. லைன் வீட்டில் நம் தங்கை தூங்குவது தெரிந்தும் அடிக்கிறானே பாவி என்ற வெறி எனக்கு. கொன்றுவிடலாம் என்றுதான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

“பாப்பா லைன் வீட்ல தூங்கிகினு இருக்கா! கூடப்பொறந்தவள சாவடிக்கிறியேடா!”

அவன் பிடி தளர்ந்தது. “அவளுக்குப் பகல் ஷிப்டுதான?”

“இந்த வாரம் மாறிடுச்சு.”

அவன் என்னை விட்டு எழுந்தான். ரத்தம் ஒழுகும் கையாலேயே மூட்டைகளைப் பிடுங்கி எறிந்தான். சாக்கைப் பல்லால் கிழித்தான். நானும் இழுத்தேன். தண்ணீர் உறுமிக்கொண்டு இறங்கியது. கால் மணி நேரத்தில் தோட்டத்தில் ஒரு குச்சிகூட நிற்கவில்லை. கரை நின்றுவிட்டது.

சாயங்காலம் தங்கை தூங்கி எழுந்து போன் செய்தாள். “எதுக்குண்ணா அத்தன தடவ கூப்ட்ட?”

அவள் குரலைக் கேட்டு அழுதேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த வீடுகளில் குழந்தை குட்டியோடு எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களுக்காக அண்ணன் ஒரு மூட்டையைக்கூட அசைக்கவில்லை. அவனைத் திட்ட எனக்கும் வாயில்லை. தங்கை அங்கே இல்லாமலிருந்தால் அன்று நான் ஏரிப்பக்கமே போயிருக்க மாட்டேன்.

தையில் அவளை ஓசூருக்கே வீடு மாற்றிவிட்டோம். லைன் வீடுகளில் இப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். வாசலில் குழந்தைகளின் துணி காய்கிறது.

இந்த ஆவணியில் அண்ணனும் நானும் சேர்ந்து கோடிமேல் நான்கு வரிசை அடுக்கினோம்.