மிரர் போட்ட காளை

ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் பழகினால் கண் கெடுவதற்கு முன்னால் பொறுமை கெட்டுவிடும். மவுஸைப் பிடித்துப் படம் வரையப் பழகியவர்களுக்கு இது தெரியும். காரைக்குடியில் எங்கள் கடையில் நான் லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். டிசைன் பார்த்த ரஹீமா, கணவரோடு இருக்க ஷார்ஜா கிளம்புவதாக இருந்தாள். அதற்குள் நான் கற்றுக்கொண்டால் அவள் நாற்காலி எனக்கு. இல்லையென்றால் மதுரையிலிருந்து ஆள் வருவார் என்று முதலாளி சொல்லிவிட்டார். நாற்பது வயதில் எனக்கு ஒரு நாற்காலி மேல் அவ்வளவு ஆசை.

வாழையிலை

முதல் பயிற்சி ஒரு வாழையிலை. வெக்டார் என்னும் கோட்டுப்பட முறையில் புள்ளிகள் வைத்து, இரண்டு புள்ளிக்கு நடுவில் ஓடும் கோட்டை வளைக்க வேண்டும். அப்படி வரைந்த படம் விசிட்டிங் கார்டிலும் பிசிறடிக்காது, பெரிய பேனரிலும் பிசிறடிக்காது. நான் இலையின் ஓரம் முழுக்கப் புள்ளியாக வைத்துத் தள்ளினேன். ரஹீமா எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நான்கே புள்ளியில் இலையைக் கொண்டுவந்தாள். எனக்குப் பொறாமைகூட வரவில்லை, மலைப்புதான். அவள் சொன்னாள்: "அக்கா, இலைக்குத் தையல் போடாதீக. வளையுற எடத்துல மட்டும் புள்ளி வைங்க, போதும்."

பாதிப் பூ

அடுத்து ஆத்தங்குடித் தரைக்கல்லில் இருக்கும் பூ. பாதி இதழ் வரைந்து மிரர் போட்டால் முழு இதழ். அதையே சுற்றி வைத்தால் பூ. பாதி உழைப்பில் முழு வேலை. பிறகென்ன, பார்த்ததையெல்லாம் நடுவில் பிளந்தேன். குத்துவிளக்கு, பணியாரச் சட்டி, கடைசியில் முதலாளி முகம்.

அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் மீசை ஒருநாளும் இவ்வளவு சரியா இருந்ததில்ல. அடுத்து வர்ற வேலைய நீயே பாரும்மா."

கொம்பு

வந்தது புதுவயல் அரிசி மில் சாக்கில் அச்சடிக்கும் காளைத் தலை. பழைய அச்சு தேய்ந்துபோனதால் சாக்கைப் பார்த்து வரைய வேண்டும். ஒரு கொம்பு நிமிர்ந்தும் இன்னொன்று மடங்கியும் இருந்தது. அச்சு நசுங்கியிருக்கும் என்று நானே முடிவு செய்து, நல்ல பக்கத்தை வரைந்து மிரர் போட்டேன். விசா அலைச்சலில் ரஹீமா அன்று வரவில்லை.

மில்காரர் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் முதலாளி. மதுரை ஆள் பஸ் ஏறிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா எங்க காளைக்கு இடது கொம்பு மடங்கியிருக்கும்மா. அப்பா வளத்த மாடு. அரிசிக் கடைக்காரவுக அதப் பாத்துத்தான் மூட்டைய எறக்குறாக. ரெண்டும் ஒண்ணாட்டம் இருந்தா, போலின்னு திருப்பி விட்ருவாக."

நாற்காலி

அவரை உட்காரச் சொல்லிவிட்டு இடது பாதியை அழித்தேன். வளைகிற இடத்தில் மட்டும் புள்ளி வைத்தேன். கொம்பு மடங்கியது. மில்காரர் சிரித்துவிட்டார், முதலாளி பிரிண்ட் கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் ரஹீமா காளையை வெகுநேரம் பார்த்தாள். "நானா இருந்தாலும் மிரர்தான் போட்ருப்பேன்" என்றாள். தேவையே இல்லை, ஆனாலும் சொன்னாள், அதுதான் அவள். பிறகு எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "இங்குட்டு ஒக்காருங்கக்கா. இது ஒரு பக்கமாச் சாயும், பாத்துக்கோங்க."

இன்றும் அது சாய்ந்துதான் இருக்கிறது. நேராக்கிப் பார்க்கும் ஆசையை நான் அந்தக் காளையோடு விட்டுவிட்டேன்.